ஓர்ப்படியின் காரும் என் காரும்

என் ஓர்ப்படி கார் வாங்கிய அன்று, காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது.

அவள் என் கணவரின் தம்பி மனைவி. சதுரங்கப்பட்டினத்தில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர்கள். என் மாமனார் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிக் கூலி வாங்கியவர். அந்த வீட்டு வாசலில் முதல் கார் வந்து நின்றால் அது மூத்த மருமகளான என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போய் வருவேன். அவள் சேலத்துக்காரி, ஐடி கம்பெனியில் வேலை. எனக்கு ஆறு வயது இளையவள். சிவப்பு கார். பழையதுதான், ஆனால் பார்த்தால் புதிது போலவே இருந்தது.

"வண்டி வித்த கடைக்காரர் நல்ல மாதிரி, அக்கா. வேற வண்டியும் வச்சிருக்கார்" என்று சொல்லி, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பட்டியலை எனக்கும் அனுப்பினாள். அதே மாடலில் ஒரு வெள்ளை வண்டி இருந்தது. அவளுடையதைவிட ஒரு வருடம் புதிது. அந்த ஒரு வருடம்தான் என்னை இழுத்தது. என் கணவர், "ஒரு மெக்கானிக்க இட்டுகினு போய் பாக்கலாமே" என்றார். அவள் மெக்கானிக்கைக் கூட்டிப் போகவில்லை, எனக்கு மட்டும் எதற்கு என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கடலோரச் சாலையில் இருந்த அந்தக் கடைக்குப் போய், நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்து வந்தேன்.

முதல் வாரமே உள்ளே ஈரச் சாக்கு வாடை வந்தது. ஊதுவத்தி ஏற்றி வைத்தேன். பிறகு ஏசி சூடாக ஊதியது. ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றது. சிவப்பு வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் ஒரே திருப்பலில் அது உறுமிக் கிளம்புவதை நான் கீழே பாத்திரம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளைப் படகில் ஏற்றலாம் என்று இரண்டு வண்டியிலும் முட்டுக்காட்டுக்குப் புறப்பட்டோம். திருவிடந்தையைத் தாண்டும்போதே என் வண்டி இருமத் தொடங்கியது. முட்டுக்காட்டுப் பாலத்தின் நடுவில் மொத்தமாக அணைந்துவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம். சிவப்பு வண்டி பக்கத்தில் வந்து நின்றது. என் மகன் நான் சொல்வதற்குள் இறங்கி ஓடி அதில் ஏறிக்கொண்டான்.

"அம்மா, சித்தி வண்டில ஏசி சும்மா ஜில்லுனு கீது, நீயும் வா" என்றான்.

"நீ போ" என்றேன். என் வயிற்றில் பிறந்தவன் அந்த வண்டியின் ஜன்னலிலிருந்து கையசைத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது, அவளுடைய டயர் ஒன்றாவது வெடிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வண்டிக்குள் என் மகனும் உட்கார்ந்திருக்கிறான் என்பது பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் அவள் படகுத்துறையில் எடுத்த படங்களை அனுப்பினாள். எல்லாப் படத்திலும் பின்னணியில் அந்தச் சிவப்பு வண்டி. வாட்ஸ்அப்பில் அவளோடு பேசியிருந்த அத்தனையையும் போனிலிருந்து அழித்துவிட்டேன்.

வண்டியை இழுத்துப் போன பூஞ்சேரி மெக்கானிக் முன் சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, இது தண்ணில நின்ன வண்டி. போல்ட்டு பாரு, துரு புட்ச்சிகீது. ஒயருக்குள்ள சேறு கீது. சென்னை வெள்ளத்துல மாட்னதா இருக்கும். யார்கிட்ட எட்த்த?"

வீட்டில் பேட்டரி வீக் என்று சொன்னேன். கணவருக்கு மட்டும் உண்மை தெரியும், அவர் வாயையும் அடைத்துவைத்தேன். மாடியில் தெரிந்துவிடக் கூடாது. கடைக்காரர் ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருந்த உத்தரவாதம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் நான் வாயே திறக்கவில்லை. அதற்குள் அந்த ஆறு மாதமும் முடிந்துபோனது. என் உரிமையை முதலில் கெடுத்தது கடைக்காரர் இல்லை, நான்தான்.

கடைசியில் தனியாகக் கடைக்குப் போனேன். அவர் டீ வரவழைத்தார்.

"ஆறு மாச கேரண்டி முடிஞ்சிபோச்சி மேடம், இனிமே யூஸ்டு கார்ல இன்னா கேரண்டி? நீங்க பாத்துதான எட்த்துகினு போனீங்க. உள்ளது உள்ளபடின்னு கையெழுத்து கீது பாருங்க."

"தண்ணியில நின்ன வண்டின்னு நீங்க சொல்லலையே."

"நல்ல வண்டின்னும் நான் சொல்லலையே."

சொல்லியிருந்தார். அந்த வாட்ஸ்அப் பட்டியலில் வெள்ளை வண்டிக்குக் கீழே, 'வெள்ளத்தில் நிற்காத வண்டி, முழு உத்தரவாதம்' என்று எழுதியிருந்ததை என் கண்ணால் படித்திருந்தேன். அதைத்தான் பொறாமையில் அழித்திருந்தேன்.

எங்கள் பள்ளித் தலைமையாசிரியையின் கணவர் வழக்கறிஞர். அவரிடம் கேட்டேன். "பழைய வண்டியானாலும் குறையை மறைச்சு வித்தா அது தப்புதான். உள்ளது உள்ளபடின்னு எழுதி வாங்கினா மட்டும் தப்பிச்சுட முடியாது. செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துல நீங்களே மனு போடலாம், வக்கீல் வேணும்னு இல்ல. வாங்கி ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா கையில ஆதாரம் இருக்கணும்" என்றார்.

ஆதாரம் மாடியில் இருந்தது. மூன்று நாள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் ஏறினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமையைத் தவிர.

"ஏன் அக்கா முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டபடியே போனைத் தேடி எடுத்தாள். செய்தி அப்படியே இருந்தது. அதோடு விடவில்லை. கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய விவரத்தைக் கேட்கலாம் என்று அவள்தான் சொன்னாள். கேட்டோம். முந்தைய உரிமையாளர் காலத்தில் வெள்ளநீர் புகுந்து வந்த வண்டி என்று அவர்கள் பதிவில் இருந்தது.

கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிய அறிக்கையையும் மற்ற தாள்களையும் சேர்த்து மனுவை நானே எழுதினேன். பன்னிரண்டு வருடம் அலுவலகக் கடிதம் எழுதிய கை, எங்கும் தடுமாறவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. பல முறை தள்ளிவைத்தார்கள். கடைசி விசாரணையன்று அவளும் லீவு போட்டு வந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல், அந்தச் செய்தி என் போனுக்கு வந்ததே இல்லை என்றார். ஆணையத் தலைவர் அவளைக் கேட்டபோது, எந்தத் தேதியில் வந்தது, எப்போது எனக்கு அனுப்பினாள் என்று நிதானமாக, ஒரு வார்த்தை வீணாக்காமல் சொன்னாள். அங்கிருந்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எனக்காகப் பேசுகிறாள் என்று தெரிந்தும், இது என் வழக்கு, நான் எழுதிய மனு, பார்வை மட்டும் ஏன் அவள் மேல் போகிறது என்று எனக்கு எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எரிந்தது.

உத்தரவு என் பக்கம் வந்தது. வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவேண்டும், மன உளைச்சலுக்கும் செலவுக்கும் தனியாகத் தரவேண்டும். கடைக்காரர் கெடு முடிகிற வாரத்தில் கொடுத்தார். வண்டியை இழுத்துப் போக வந்தவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மாடிக்குக் கேசரி செய்து எடுத்துப் போனேன். "அக்கா, நீங்க எழுதின மனுவைப் படிச்சேன். எனக்கு இப்படி எழுத வராது" என்றாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. ஒரு வாய் கேசரி சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்கு அவளைப் பிடித்திருந்தது. பிறகு கீழே வாசலில் அவள் வண்டி தனியாக, இடம் முழுவதையும் எடுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

மறுபடி பஸ். நாலு மாதம் கழித்து இன்னொரு பழைய வண்டி பார்க்கப் போனேன். பூஞ்சேரி மெக்கானிக்கையும் கூட்டிப் போனேன். அவர் விரிப்பைத் தூக்கினார், சேற்றுக் கறை இருக்கிறதா என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார், சர்வீஸ் பதிவையும் கேட்டார். எது சரி, எது இல்லை என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கினேன்.

"வூட்ல தம்பி சம்சாரத்த ஒரு வார்த்த கேக்கலாமா?" என்றார் என் கணவர்.

"வண்டி வூட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கட்டும்" என்றேன்.