அப்பாவுக்கு ஒரு கோட்டு

ஜொகூர் பக்கம் பாலோவில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய மூர்த்திக்கு ஒரே மகள் வாசுகி. பென்சிலைக் கையில் எடுத்தால் எதிரில் இருப்பவரின் முகம் தாளில் வந்து உட்கார்ந்துவிடும். பள்ளி ஆசிரியர், மளிகைக்கடைச் சீனர், கோயில் பூசாரி என்று அந்தத் தாமான் குடியிருப்பில் அவள் வரையாத முகமில்லை. அப்பாவை மட்டும் வரையவில்லை. வீட்டிலேயே இருக்கிற முகம்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டுவைத்திருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் எஸ்டிபிஎம் பரீட்சை முடிவு வந்ததும் வீடு இரண்டுபட்டது. பினாங்கில் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்க நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூர்த்தி கணக்கியல்தான் என்றார்.

"படம் வரைஞ்சு எவன்மா சோறு தின்னான்? கோயில் செவுத்துக்குச் சாயம் பூசப் போறியா?"

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள் இறங்கிப்போன மனுஷன், மகளாவது ஏர்கோன் அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று நினைத்ததில் என்ன தப்பு? வாசுகி சரியாகச் சாப்பிடாமல் முரண்டு பிடித்தாள். நடுவில் அம்மா பேச்சியம்மாள் இரண்டு பேருக்கும் தட்டைத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போனாள்.

அப்போதுதான் மணியம் வந்து வாய்த்தார். தனியார் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்ட். குளுவாங் கோயில் மண்டபத்தில் கல்விக் கண்காட்சி என்று மேசை போட்டு, அந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கிராஃபிக் டிசைன் போடுங்கண்ணே. ஆர்ட்டும் ஆச்சு, சம்பளமும் ஆச்சு. ஜொகூர் பாருல படிச்சு முடிச்சா பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்தான்லா. வேற என்ன வேணும்?"

யாருக்கும் வலிக்காத பதில். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்த நிம்மதி. பாதி விட்டால் மீதிப் பாதி கையில் நிற்கும் என்று இரண்டு பேருமே நம்பிவிட்டார்கள், பாவம். திரும்பும் வழியில் மூர்த்தி மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே சொன்னார்.

"படிச்சிட்டு வந்து மொதல்ல என் மூஞ்சியத்தான் வரையணும். ஆடாம அசையாம ஒக்காந்திருப்பேன், பாரு."

"கண்டிப்பா வரையறேன்ப்பா."

கல்லூரியில் முதல் பருவத்தோடு பென்சிலுக்கு வேலை முடிந்தது. அப்புறம் கணினிதான், சோப்பு டப்பா லேபிள்தான். படித்து முடித்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விண்ணப்பம் போட்டாள், போட்டாள், போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஸ்கூடாயில் விஜயன் நடத்தும் அச்சுக்கடையில் சேர்ந்தாள். அறை வாடகையும் மோட்டார் தவணையும் போனால் மாசக் கடைசியில் அப்பாவுக்குத்தான் ஃபோன் போட வேண்டும். கணக்கியல் படித்திருந்தால் இப்படியா என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடையில் கல்யாண கார்டு உண்டு, திருவிழா பேனர் உண்டு. ஆனால் வாசுகியின் பெயர் பரவியது மரண அறிவிப்புப் பேனரில்தான். நம் ஆட்களிடம் செத்துப்போனவரின் நல்ல படம் இருக்கவே இருக்காது. ஐசி என்ற அடையாள அட்டையைக் கொண்டுவருவார்கள், இல்லையென்றால் யாரோ ஒருவர் கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்ற படத்தைக் காட்டி, "இந்தா, மூணாவது ஆளு" என்பார்கள். அவள் தலையை மட்டும் வெட்டி எடுத்து, கீழே ஒரு கோட்டை மாட்டுவாள். கறுப்பு, நீலம், சாம்பல் என்று டை கட்டிய கோட்டுகள் கணினியில் தயாராக இருந்தன. பெண்களுக்குப் பட்டுச்சேலை. காலமெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, கோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காத பெரியவர்கள் எல்லாம் மேனேஜர் மாதிரி பேனரில் நின்றார்கள். குடும்பத்தார் பார்த்து அழுவார்கள். "அப்பா எவ்ளோ கம்பீரமா இருக்காரு, தேங்க்ஸ்மா" என்பார்கள். அவள் நிமிர்ந்து பார்க்காமல் பில்லை எழுதி நீட்டுவாள்.

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் தலைவர்களின் வாழ்த்துப் பேனர் வந்து குவியும். எல்லாவற்றையும் முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடித்து அரை உயிராகத்தான் வீடு வந்து சேர்வாள். காலையில் கண் விழித்தால், மூர்த்தி எண்ணெய் தேய்த்துக் குளித்து, மழமழவென்று சவரம் பண்ணி, புதுச் சட்டையின் கழுத்துப் பித்தான் வரை போட்டுக்கொண்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

"இன்னைக்கு வரைவியாம்மா?"

"கண்ணே எரியுதுப்பா. அடுத்த வருஷம் கண்டிப்பா."

"சரி சரி, நீ தூங்கு." பித்தானைக் கழற்றிக்கொண்டு எழுந்துபோவார். ஒவ்வொரு தீபாவளிக்கும் இதேதான்.

போன மார்ச் மாதம் ஆலை வாசலில் லோரிகள் வரிசையில் நின்றபோது மூர்த்தியின் வண்டி மட்டும் நகரவில்லை. பின்னால் நின்றவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். ஸ்டீயரிங்கில் தலை சாய்ந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். வாசுகிக்குச் செய்தி வந்தபோது அவள் வேறு யாருக்கோ டை சரிசெய்துகொண்டிருந்தாள்.

"நீ கெளம்பு. படத்த நான் பாத்துக்கிறேன்," என்றார் விஜயன்.

"வேணாம் பாஸ். என் அப்பா. நானே செய்றேன்."

அச்சு இயந்திரத்திலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினாள். பென்சிலை எடுத்தாள். வரைவேன் என்று சொன்னதை இன்றைக்காவது செய்துவிட வேண்டும். கண் வந்தது, அது அப்பாவின் கண் இல்லை. மூக்கு வந்தது, அது யாருடைய மூக்கோ. அழித்து அழித்து வரைந்தும், அவள் கோட்டு மாட்டி அனுப்பிய முகங்கள்தான் ஒவ்வொன்றாக வந்தன. காதோரம் ஒரு மச்சம் உண்டே, அது இடது பக்கமா, வலது பக்கமா? தெரியவில்லை. அழித்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது.

ஃபோனில் தேடினாள். பேனருக்காக அனுப்பிவைத்த ஊரார் அப்பாக்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், அவள் அப்பா இல்லை. வீட்டில் படம் எடுக்கிறவர் எப்போதும் அவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வீட்டுக்கு வருவதற்குள் பேனர் கட்டியாக வேண்டும். பேச்சியம்மாள் ஐசியைப் படம் பிடித்து அனுப்பினாள். லோரியை நிறுத்திவிட்டு அப்படியே போய் எடுத்துக்கொண்டது, தாடி முளைத்துக் கிடந்த முகம். வாசுகி தலையை வெட்டி எடுத்தாள். கை தானாக நீலக் கோட்டுக்குப் போனது. இறங்கிப்போன அப்பாவின் தோள் ஒரு சொடுக்கில் நிமிர்ந்துவிட்டது.

பாலோவில் வீட்டுக் கேட்டில் கட்டியிருந்த பேனரைப் பார்த்து மூர்த்தியின் தங்கை, அத்தை யோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எவ்ளோ அழகா செஞ்சிருக்கா! படிக்க வெச்சது வீண் போகலண்ணே."

பேச்சியம்மாள் எழுந்து வந்து வெகுநேரம் பேனரையே பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"வருஷா வருஷம் ஒனக்காகச் சவரம் பண்ணிட்டு ஒக்காந்தாரேம்மா. இதுல தாடியோட நிக்கிறாரே."