சாம்பல் விழுந்த வாரத்தில் மும்தாஜ் அக்காவின் இடம்

மும்தாஜ் அக்கா இறந்த செய்தி காலையில் கடை போடும் நேரத்தில் வந்தது. தி. நகர் நடைபாதையில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் ரெஹானா அழைத்தாள். "அண்ணா, அம்மா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம்." பக்கத்துக் கடைகளுக்குப் போய்ச் சொன்னேன். கிடைத்தது ஒரே பதில்: "அவங்களுக்குத்தான் முன்னாடியே ஆஸ்துமா கீதே." ஆமாம், ஆஸ்துமா இருந்தது. தூசி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் நடைபாதை வியாபாரிகள் சங்க இதழில் நான் இதை எழுதுவது அதற்காகத்தான். அவரை அறிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள்.

ராயப்பேட்டையிலிருந்து தினமும் மூட்டையோடு வந்து கைக்குட்டை விற்றார் அக்கா. பக்கத்தில் நான் தலைக்கிளிப் விற்கிறேன். எதிரே சாலையைத் தோண்டி மண்ணை மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஒரு பேருந்து போனால் போதும், அந்த மண் எழுந்து எங்கள் மேல் வந்து உட்காரும். ஒருநாள் அக்கா நேராக மேஸ்திரியிடம் போனார்.

"இன்னா மேஸ்திரி, மண்ண மூடி வையேன். தண்ணியாவது தெளி."

"தண்ணி லாரி வரலம்மா."

"நாங்க மட்டும் தெனம் வந்து உன் மண்ண மூக்குல அள்ளிக்கினு போறமே, அதுக்கு இன்னா கூலி குடுக்கப் போற?"

மறுநாள் பச்சை வலை கட்டினார்கள். பாதி வரைக்கும். எங்கள் பக்கம் வருவதற்குள் வலை தீர்ந்துவிட்டதாம்.

மூக்கோடு ஒட்டி நிற்கும் முகக்கவசத்தைக் கழற்றவே கூடாது என்று டாக்டர் அக்காவிடம் சொல்லியிருந்தார். அக்கா மாட்டுவார், ஆனால் போணி ஆன பிறகுதான். முதல் வியாபாரம் முடிவதற்குள் முகத்தை மூடினால் அன்றைய நாள் விளங்காது என்பது நம் நடைபாதையின் நம்பிக்கை. உங்களில் பாதிப் பேருக்கு இன்றும் அது உண்டு. நான் திட்டினால், "மூஞ்சியே காட்டாம கூப்ட்டா எவன்டா வருவான்? திருடின்னு நெனச்சுப்பான்" என்பார். தெருவை உலர் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிற நேரமும் அதுதான். நாளின் மிக மோசமான காற்றை அவர் திறந்த முகத்தோடு வாங்கினார்.

பிறகு தெற்கே குப்பைமேடு தீப்பிடித்து எரிந்த வாரம் வந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் அக்காவின் வெள்ளைக் கைக்குட்டைகள் மேல் சாம்பல் துணுக்குகள் விழுந்தன. தொட்டால் கரிக்கோடாக இழுத்தன. அடையாற்றிலிருந்து வந்த ஒரு பெண் பெரிய கைக்குட்டை ஒன்றை எடுத்து, "இத கட்டிக்கிட்டா புகை வராதில்ல?" என்று கேட்டார். அன்று அதுவரை போணி ஆகவில்லை. அக்கா அதைத் திரும்ப வாங்கி மடித்தார். "இது வேர்வ தொடைக்கம்மா. புகைக்கு இது ஆவாது. மூக்காண்ட கம்பி வச்ச மாஸ்க்கு மருந்துக்கடைல கீது, போய் வாங்கு." அந்தப் பெண் போய்விட்டார். "ஏன்க்கா, போணிய வெரட்டுற?" என்றேன். "அந்தப் பொண்ணும் என்ன மாதிரி மூச்சு இழுத்துக்கினு கெடக்கணுமா?" என்றார்.

அந்த வாரம் எல்லோருடைய கைபேசிக்கும் அறிவுரை வந்தது. வெளியே வராதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள், வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள். எதுவும் தப்பில்லை. அக்கா அதை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஜன்னல சாத்துன்றான். நம்ம கடைக்கு செவுரே இல்லையே நைனா, ஜன்னலுக்கு நா எங்க போவேன்?"

வீட்டிலிருக்க அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. தடுத்தது நாம் வைத்த விதி: பாய் விரிக்காத இடம் பொது. பண்டிகை நேரத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் மறுநாள் அங்கே வேறொருவர் உட்கார்ந்திருப்பார். அதனால் அக்கா நம் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டார். புகை அடங்கும்வரை மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இருக்கட்டும், அவர்கள் இடத்தை யாரும் எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் கேட்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்புறம் வெயிலுக்கு ஒரு லீவு கேப்பியா?"

"கேப்பேன்டா. வெயிலு இன்னா உங்க நைனா வூட்டு ஏசியா?"

எல்லோரும் சிரித்தோம். சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது, விதி மாறவில்லை. நாமும் நடைபாதைக்காரர்கள்தான், நமக்குள்ளேயே ஒருத்தி மூச்சு விட இடம் கேட்டபோது விதியைக் காட்டினோம். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்ட பெரிய கடைகளைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை?

மறுநாள் அக்கா வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அன்று மாலை பாய் மேலேயே சரிந்தார். ஆட்டோவில் ஏற்றும்போதும் "பாய சுருட்டாத" என்றுதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாட்டியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அதைக் கொஞ்சம் தூக்கி, "பாத்தியா, போணி ஆவறதுக்கு முன்னாடியே மாட்டிவுட்டானுங்க" என்றார். நர்ஸ் அதட்டி மறுபடி அழுத்தி வைத்தார். அதற்குள்ளிருந்து கேட்டார்: "என் எடத்துல எவனாவது குந்திக்கினானா?"

"இல்லக்கா."

உண்மையைத்தான் சொன்னேன். என் கிளிப் தட்டை நீட்டிப்போட்டு அவர் இடத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தேன்.

மும்தாஜ் அக்கா அமைதியானவர், பொறுமைசாலி என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறீர்கள். பொறுமை அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய வாயை. அடுத்த கூட்டத்தில் அவர் கேட்டதையே நான் கேட்பேன். சிரித்தால் மறுபடி கேட்பேன். விதி மாறினாலும் மாறாவிட்டாலும், இனி சாம்பல் விழுகிற நாளில் நம்மில் எவருக்கு மூச்சு இழுக்கிறதோ அவர் வீட்டிலேயே இருக்கட்டும். அவர் பாயை நான் விரிப்பேன். அந்த இடத்தை எடுக்க வருகிறவர் என்னிடம் பேசிக்கொள்ளட்டும்.