பலூன் பார்க்கப் போன கயிறுவிட்டார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கயிற்றை விடவில்லை.

எங்கள் அரிப்பு ஊரில் யாரைக் கேட்டாலும் விட்டேன் என்றுதான் சொல்வார்கள். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது கோயில் பதிவுப் புத்தகத்திலும் அடையாள அட்டையிலும் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு நான் கயிறுவிட்டார். என் மகனுக்குக் கலியாணம் பேச வந்தவர்கள் சந்தியில் நின்று வழி கேட்டபோதுகூட, "ஆர், கயிறுவிட்டாற்றை வீடோ?" என்று கேட்டுத்தான் கையைக் காட்டினார்கள். நாற்பது வருடமாக இந்தப் பெயரைச் சுமந்தேன். அதை வைத்தவன் என் தங்கையின் புருஷன்.

இருபத்தைந்து வயதில் நானும் அவனும் ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போனோம். அவன் இறங்குவான், நான் மேலே இருந்து கயிறு பிடிப்பேன். கயிற்றின் ஒரு முனை அவன் இடுப்பில், மறுமுனை என் கையில். மூச்சு முட்டும்போது அவன் கீழேயிருந்து சுண்டுவான். உடனே இழுக்க வேண்டும். எங்கள் கரையில் இந்த வேலையை மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவனை நம்பமாட்டார்கள், அவனுக்கு வள்ளத்தில் ஒரு கண் இருக்கலாம். மச்சான் மட்டும் தன் சகோதரியைத் தாலி அறுக்க விடமாட்டான் என்பது நம்பிக்கை.

ஒருநாள் அவன் மூக்காலும் காதாலும் இரத்தம் வழிய மேலே வந்தான். இடது காது அன்றோடு போயிற்று. கரைக்கு வந்ததும் நாலு பேரைக் கூட்டி, நான் கயிற்றை விட்டுவிட்டேன் என்றான். பீடி பற்றவைத்தேனாம். அடுத்த கிழமை கதை மாறியது, நான் நித்திரை கொண்டேனாம். கயிறு திரித்தவன் அவன், பட்டம் எனக்கு. நான் கடலை விட்டுவிட்டு மன்னாரில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். அவன் வள்ளம் வாங்கி, வலை வாங்கி, சம்மாட்டியாகி, கடைசியில் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவனும் ஆனான். யுத்த காலத்தில் மடு மாதா கோயிலில் அகதிகளாக இருந்தபோது எங்கள் இருவருடைய கொட்டிலும் பக்கத்தில் பக்கத்தில். அப்போதும் நாங்கள் ஒரு சொல் பேசவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின், தம்புள்ளைப் பக்கம் பலூன் விழா நடக்கிறது, சங்கத்தால் பஸ் பிடிக்கிறோம் என்று அவன் அறிவித்தான். மனிதர் ஏறிப்போகும் பலூனாம். நான் என் மனிசியிடம், அவன் சொர்க்கத்துக்கு பஸ் பிடித்தாலும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி வந்தாள்.

"அண்ணை, நீங்கள் வந்தால்தான் நான் போவன்."

"உன்ரை மனுசனோடை ஒரே பஸ்ஸிலையோ?"

"நீங்கள் பின்னாலை இருங்கோ. நான் அந்தப் பலூனிலை ஏறப்போறன். ஏறேக்கை கீழை என்ரை ஆள் ஒண்டு நிக்கவேணும்."

அறுபது வயதைத் தாண்டியவள், அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஆனால் அவளுக்காக மட்டும் போனேன் என்றால் பொய். ஊரில் பாதிப்பேர் ஒரே பஸ்ஸில் இருக்கப்போகிறார்கள். அவர்கள் எல்லோர் முன்னாலும், 'கயிற்றை விடவில்லை' என்று அவன் வாயால் சொல்லவைக்க வேண்டும். இனி எத்தனை வருடம் இருக்கப்போகிறேன்? சாவதற்கு முன் என் பெயர் எனக்கு வேண்டும்.

பஸ் முருங்கன் சந்தியைத் தாண்டமுன்பே அவன் மைக்கைப் பிடித்துவிட்டான். தனக்குக் காது மந்தம் என்பதால் உலகத்துக்கே காது மந்தம் என்ற எண்ணம் அவனுக்கு.

"பின்சீற்றிலை இருக்கிற ஆக்கள் மேலை இருக்கிற கம்பியை நல்லாப் பிடியுங்கோ. பிடிக்கிறது எண்டால் என்னெண்டு தெரியாத ஒராளும் அங்கை இருக்கிறார், அவருக்கும் காட்டிக் குடுங்கோ!"

பஸ் குலுங்கிச் சிரித்தது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"செவிடனிட்டை ஆர் மைக்கைக் குடுத்தது?" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். என் சத்தம் அவனுடைய கெட்ட காதுப் பக்கமாகப் போயிருக்க வேண்டும், அவனும் சேர்ந்து சிரித்தான். தங்கச்சி மட்டும் திரும்பாமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். குளத்தோரத்துப் பெரிய வெளியில் பலூன்கள் எல்லாம் தரையில் சுருண்டு கிடந்தன. வெயில் தணிந்து காற்று அடங்கினால்தான் ஏற்றுவார்களாம். சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டு, நிழல் இல்லாத வெளியில் காய்ந்தோம். தலைவர் மட்டும் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரை எடுத்துவந்து குடைக்குக் கீழே இருந்தார். நாலு மணிக்குப் பிறகு பெரிய அடுப்புகளைப் பற்றவைத்து அந்தத் துணிகளுக்குள் நெருப்பு ஊதத் தொடங்கினார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொன்றாக வீங்கி எழும்பின. வடிவாகத்தான் இருந்தது. அவன் கூட்டிவந்த இடம் என்பதால் நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு பலூனை மட்டும் சனம் ஏறுவதற்கென்று விட்டிருந்தார்கள். மூன்று ஜீப்புகளில் மூன்று கயிறு கட்டி, இரண்டு பனை உயரத்துக்கு விட்டு, கொஞ்சநேரம் வைத்திருந்து இறக்குவார்கள். எங்கள் ஆட்களில் முதல் ஏறுகிறவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. தங்கச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கூடைக்குள் ஏறினான். கூடை எழும்பியபோது அவள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே என்னைத் தேடினாள். நான் கையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலமோ!

கடற்கரைக்காரனுக்குக் காற்று மாறுவது முகத்திலேயே தெரியும். பலூன்காரருக்குத் தெரியவில்லை. குளத்துப் பக்கமிருந்து ஒரு வீச்சு வந்தது. பலூன் சரிந்தது. ஒரு ஜீப்பில் இருந்த கயிறு அறுந்துபோய்ப் பறந்தது. சனம் கத்திக்கொண்டு விலகியது. பலூனை ஓட்டுகிறவன் நெருப்பை நிற்பாட்டிவிட்டு, கூடையிலிருந்து இன்னொரு கயிற்றைக் கீழே எறிந்தான். "அல்லன்ன! அல்லன்ன!" என்று கீழே நின்ற சிங்களப் பொடியங்கள் ஓடிவந்தார்கள், கயிற்றைப் பிடிக்கச் சொல்லி. அது எனக்கு இரண்டு முழம் முன்னால் விழுந்து புல்லில் இழுபட்டது.

மேலேயிருந்து அவன் அலறினான்.

"உவன் வேண்டாம்! உவனிட்டைக் கயிறைக் குடுக்காதேங்கோ! வேறை ஆரும் பிடியுங்கோ!"

சாவு முன்னால் நிற்கும்போதும் அவனுக்கு அதுதான் வாயில் வந்தது. நான் பாய்ந்து பிடித்தேன். நாற்பது வருடமாகப் பேனை பிடித்த கை. கயிறு முதல் இழுப்பிலேயே தோலை உரித்துக்கொண்டு போனது. முழங்கால் தரையில் தேய என்னை இழுத்துக்கொண்டு போனது. நான் விடவில்லை. குதிக்காலை ஊன்றி, கயிற்றை முதுகோடு சுற்றி, மல்லாந்து கிடந்தபடி பிடித்தேன். பிறகுதான் பொடியங்களும் எங்கள் ஆட்களும் வந்து பின்னால் பிடித்தார்கள். கூடை ஒருமுறை தரையில் இடித்து, துள்ளி, சரிந்து நின்றது.

அவன் இறங்கிச் சேட்டுக் கொலரைச் சரிசெய்தான். என் உள்ளங்கைகளைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். திரும்பி பஸ்ஸுக்குப் போனான்.

திரும்பும்போது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. மைக் மறுபடி அவன் கையில். ஏதோ நக்கல் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்டு சொல்ல வேணும். பின்னாலை இருக்கிற என்ரை மச்சான் இண்டைக்குக் கயிறு பிடிச்சதை எல்லாரும் பாத்தனீங்கள். இப்பிடிப் பிடிக்கிற மனுசன் அண்டைக்கும் விட்டிருக்கமாட்டார். நான்தான் மூச்சை அடக்கிக் கனநேரம் நிண்டிருப்பன். என்ரை பிழை. இனி ஒருத்தரும் அவரைக் கயிறுவிட்டார் எண்டு கூப்பிடக்கூடாது!"

பஸ் முழுக்கக் கைதட்டியது. முன்சீற்றில் இருந்த ஒருவர் திரும்பி வந்து என் தோளைத் தட்டினார். நான் நாற்பது வருடம் காத்திருந்தது இதற்குத்தான். எனக்கோ வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

நான் கயிற்றை விடவில்லை என்றது உண்மை. மாதாவின் முன்னால் நின்றும் சத்தியம் செய்வேன். ஒரு சாண்கூட என் கையிலிருந்து நழுவவில்லை. ஆனால் அவன் சுண்டியபோது நான் இழுக்கவில்லை. என்னை யாரும் அதைக் கேட்கவில்லை, விட்டாயா என்றுதான் கேட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் இத்தனை காலம் ஒளித்திருந்தேன்.

அன்று விடியக் கடலுக்குப் போகமுன் தங்கச்சி வீட்டில் கஞ்சி குடித்தேன். அவளுடைய ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. கதவு இடித்தது என்றாள். அந்த வீட்டுக்கு அப்போது கதவு இல்லை, ஒரு சாக்குத்தான் தொங்கியது. அவன் எனக்குப் பக்கத்தில் இருந்து கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கடலில் அவன் முதல்தரம் சுண்டியபோது எனக்கு அந்தக் கன்னம்தான் தெரிந்தது. கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டாம் தரமும் சுண்டினான். மூன்றாம் தரம் மெதுவாக. அப்போது, இருபத்திரண்டு வயதில் அவள் கறுப்புச் சேலையோடு கோயிலில் நிற்பது மனதில் வந்தது. பயந்துபோய் இழுத்தேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு அடிக்க ஒரு காரணமும் கிடைத்தது. குடிவெறியில் வந்தால், "உன்ரை கொண்ணன் என்ரை காதைத் திண்டவன்" என்று சொல்லிச் சொல்லி அடிப்பான். தெருவுக்கே கேட்கும். எனக்கும் தெரியும். நான் என் பெயர் கெட்டதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டல் அடங்கியதும் தங்கச்சி எழும்பி, சீற்றுகளைப் பிடித்துப் பிடித்து வந்து என் பக்கத்தில் இருந்தாள். யாரிடமோ வாங்கிவந்த தேங்காயெண்ணெயை என் உள்ளங்கையில் பூசினாள். எரிந்தது. முன்னால் அவன் பாட்டைத் தொடங்கியிருந்தான். எல்லோரும் தாளம் போட்டார்கள்.

"மூண்டு தரம் சுண்டினவராம்" என்றாள், எனக்கு மட்டும் கேட்க. "வெறியிலை அதைத்தான் சொல்லுவார். நீங்கள் விடேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும், அண்ணை. விட்டிருந்தால் அவர் அடியிலையே கிடந்திருப்பார்."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. அவள் என் கையைத் தன் கைலேஞ்சியால் சுற்றி முடிச்சுப் போட்டாள். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டு அறிவது போலத்தான் கேட்டாள்.

"ஏன் அண்ணை இழுத்தனீங்கள்?"