மருந்து அறையில் என் குரல்

எனக்கு வயது எழுபத்தைந்து. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த புதிதில், சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் என்னைப் போர்மேன் ஆக்கினார்கள். முன்பு அந்த வேலையில் இருந்த மீசைக்காரர் கத்தியே வேலை வாங்குவார். நானும் அப்படியே கத்தினேன்.

“அக்கா, உங்களுக்கு மீசை ஒண்ணுதேன் இல்ல!” என்று பெண்கள் சிரித்தார்கள்.

தீபாவளி சீசனில் ஒருநாள், வெடிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்த மாரியை, “வெரசா அடைடி!” என்று அதட்டினேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பியதில் மருந்து தரையில் சிந்தியது. ஓர் உரசல் போதும், அறையோடு போயிருப்போம்.

வீட்டில் கொதிக்கிற சோற்றுப்பானையைத் தூக்கிவரும் பிள்ளையை நான் ஒருநாளும் அதட்டியதில்லை. பிள்ளையிடம் பேசும் அந்த மெல்லிய குரல்தான் இப்போதும் தானாக வந்தது. “அசையாத தாயி. நான் பக்கத்துல வாரேன்.” அவள் அசையவில்லை. இருவரும் மெல்ல வெளியே வந்தோம்.

அதன்பின் அந்தக் குரலில்தான் வேலை வாங்கினேன். என் அறையில் ஒரு பொறி பறந்ததில்லை.

ஏலே பேராண்டி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத வாசிச்சுக் காட்டு. கத்தாம வாசிலே, எனக்குக் கேக்கும்.