பீரோவுக்கு லீவு

நான் ஒரு பொய்ச் சான்றிதழில் கையெழுத்திட்டேன். அதிலிருந்த எண்கள் ஒவ்வொன்றும் உண்மை. அதனாலேயே அதைப் பொய் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். ஓய்வு பெற்ற பிறகு, மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டர்களின் காற்றைச் சோதிக்கும் சிறு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்துவந்தேன். ஒரகடம் பக்கம் ஒரு மருத்துவமனை. வல்லம் வடகால் ஆலைகளில் விரல் நசுங்கியவர்களையும் நெடுஞ்சாலையில் பைக்கோடு விழுந்தவர்களையும் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுவருவார்கள்.

தியேட்டர் காற்றின் கணக்கு எளியது. வடிகட்டிய காற்று கூரையிலிருந்து மேசைமேல் மெதுவாக இறங்க வேண்டும். நோயாளியைக் கடந்து, சுவரடியில் தரையை ஒட்டியுள்ள துவாரங்கள் வழியே வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லாத காற்று தரைத் தூசியையும் கிளப்பிக்கொண்டு மேசைக்கே திரும்பிவிடும்.

அந்தத் தியேட்டரில் இரண்டு துவாரங்களில் ஒன்றை அடைத்தபடி ஓர் இரும்பு பீரோ நின்றது. ஏதோ ஒரு மழையில் கீழ்த்தளக் கிடங்கில் தண்ணீர் புகுந்தபோது மேலே ஏற்றினார்களாம். பிறகு இறக்கவில்லை. தையல் நூலும் எலும்புத் தகடுகளும் எட்டும் தூரத்தில் இருப்பது எல்லோருக்கும் வசதியாகிவிட்டது. நான் போன அன்று தியேட்டர் உதவியாளர் அதன் கால்களுக்கு அடியில் ஈரத்துணியைச் செருகி, ஒரே இழுப்பில் அறைக்கு வெளியே கொண்டுபோனார்.

"டெஸ்ட்டுன்னா பீரோவுக்கு லீவு சார். வர்சா வர்சம் இப்டித்தான். நீங்க மெசினை வைங்க."

சிரித்தேன். அளந்தேன். எண்கள் அழகாக வந்தன. நான் கருவியைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினார். அது சுவரில் முட்டிய சத்தம் கேட்டது. பேசாமல் கையெழுத்துப் போட்டேன். சொல்லியிருந்தால் அறிக்கையில் குறை எழுத வேண்டும், இன்னொரு முறை வர வேண்டும், அடுத்த வருடம் அவர்கள் வேறு ஆளைக் கூப்பிடலாம். காரணம் இவ்வளவுதான்.

குன்றத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். கார்களுக்கான ஒயர்களைக் கோக்கும் ஆலையில் வேலை. சில மாதம் கழித்து அவளுடைய வலது ஆள்காட்டி விரல் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. அந்த மருத்துவமனையிலிருந்துதான் போன் செய்தாள்.

"ஆபரேசன் பண்ணணுங்காவ சார். இங்கன பண்ணலாமா, மெட்ராசுக்குப் போவட்டுமா?"

"அங்கேயே பண்ணிக்கம்மா. அந்தத் தியேட்டர் காத்தை நானே சோதிச்சிருக்கேன்."

புண் சீழ் பிடித்தது. இரண்டு முறை திறந்து சுத்தம் செய்தார்கள். ஆறியபோது விரல் மடங்கவில்லை, உள்ளே தசைநாண் தழும்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒயர் முனைகளைச் சொருகும் வேலைக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும். அவளை லைனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள், அதுவும் தற்காலிகமாக. சில மாதம் கழித்து இன்னோர் அறுவை செய்து பார்க்கலாம் என்றார் டாக்டர்.

"இது வெரல் இல்ல சார், ஆணி," என்று என்னிடம் நீட்டிக் காட்டினாள். "காலண்டர் மாட்டலாம்."

அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. மறுநாளே டாக்டரைப் போய்ப் பார்த்து, அவள் எங்கள் வீட்டு மாடியில் இருப்பவள் என்று சொல்லி, தியேட்டர் காலியாக இருக்கும் நேரத்தில் பத்து நிமிடம் கேட்டேன். பீரோ நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றேன். காற்று போகும் வழியைக் காட்டும் புகைக்குழாயை மேசைக்கு மேலே பிடித்தேன். வெள்ளைப் புகை இறங்கியது, சுவர்ப் பக்கம் நகர்ந்தது, பீரோ கதவில் மோதி மேலேறி, டாக்டரும் உதவியாளரும் பார்க்க மேசைக்கே திரும்பி வந்தது.

"போன தடவை சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டது யாரு?" என்றார் டாக்டர்.

"நான்தான். பீரோவை வெளிய வச்சிட்டு அளந்தேன். திரும்ப உள்ள தள்ளினதையும் பார்த்தேன்."

அவர் குனிந்து பீரோவுக்குப் பின்னால் இருந்த துவாரத்தைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பொண்ணுக்குச் சீழ் வச்சது இதனாலதான்னு சொல்ல முடியாது. அடிபட்டப்பவே அழுக்கு உள்ள போயிருக்கலாம்," என்றார்.

"இதனால இல்லைன்னும் சொல்ல முடியாதே டாக்டர்."

உதவியாளர் என் அருகில் வந்து மெல்லச் சொன்னார்: "தள்ளுனது நானு, கையெழுத்து நீங்க. நல்ல கூட்டணி சார்."

சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். நிறுவனம் இனி வர வேண்டாம் என்றது. தியேட்டரைச் சில நாள் மூடினார்கள். பீரோ வெளியே தாழ்வாரத்துக்குப் போனது. துவாரங்களுக்கு முன்னால் தரையில் சிவப்புக் கோடு போட்டார்கள். வேறோர் ஆள் வந்து, சாமான்கள் எல்லாம் வேலை நாளில் இருக்கும் இடத்திலேயே இருக்க, மறுபடி அளந்தார்.

அதன்பிறகு அவளிடம் சொன்னேன். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்டீய?"

"தெரிஞ்சேதான்."

மிச்சத் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பல வாரம் என்னோடு பேசவில்லை. இரண்டாம் அறுவைக்கு நாள் நெருங்கியபோது அவளாகவே இறங்கி வந்தாள். மெட்ராசில் எந்த மருத்துவமனை என்று சொன்னாலும் கூடவே வருகிறேன் என்றேன்.

"வேண்டாம் சார். அங்கனயே பண்ணிக்கிடுதேன். மத்த எடத்துல பீரோ எங்கன நிக்கின்னு எனக்கு யாரு சொல்லுவா?"

அறுவைக்கு முந்தின நாள் டாக்டரின் அனுமதியோடு மீண்டும் புகை விட்டுப் பார்த்தேன். நேராக இறங்கி, இரு துவாரங்களிலும் நுழைந்து மறைந்தது. இந்த முறை புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. சிறிய ரப்பர் பந்தை மாதக்கணக்கில் அமுக்கி அமுக்கி, விரல் முக்கால்வாசி மடங்கியது. மறுபடி லைனில் நிற்கிறாள்.

மாதம் ஒருமுறை தியேட்டர் சிஸ்டர் என்னை உள்ளே விடுகிறார். புகை விட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குச் சம்பளம் இல்லை. வீடு திரும்பும்போது அவளுக்கு முதல் ஷிஃப்ட் முடிந்திருந்தால் மாடியிலிருந்து குரல் வரும்.

"என்ன சார், பீரோவுக்கு லீவுதானா?"

"நிரந்தர லீவும்மா."

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அடுத்த மாதமும் அதே கேள்வியைக் கேட்பாள். நேரில் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வேன்.