ஏன் என்று கேட்ட கேள்விக்கு அம்மா எழுதிய பதில்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மூத்த மகள் என்பதால் இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

அம்மா பிறந்தது கோவளத்தில். தாத்தாவின் கூலியில்தான் வீடு ஓடியது. பத்தாம் வகுப்போடு அம்மாவின் படிப்பு நின்றது. அப்பாவை மணந்து அச்சரப்பாக்கம் வந்தவர், அங்கன்வாடியில் உதவியாளராகச் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்பு தேறினால் மையத்தை நடத்தும் பணியாளராகலாம் என்று தெரிந்ததும், நாற்பது வயதில் தனித்தேர்வராக விண்ணப்பித்தார்.

மற்ற பாடங்களில் தேறியவர், புவியியலில் மட்டும் இரண்டு முறை தவறினார். "இந்த வயசுல இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?" என்று உறவினர் சிலர் அவர் காதுபடவே பேசினார்கள். அம்மா தேர்வுத் துறைக்கு விண்ணப்பித்து விடைத்தாளின் நகலை வாங்கினார்.

மதுராந்தகம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து அம்மாவும் நானும் அதைப் படித்தோம். ஏரிகள் தூர்ந்துபோவது ஏன் என்பது ஒரு கேள்வி. அம்மாவோ மதுராந்தகம் ஏரியைப் பற்றியும், அதன் நீர் பாயும் வயல்களைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஐந்துக்கு ஒரு மதிப்பெண்.

"ரெண்டு பக்கம் எழுதிகீற. திருத்துனவங்களுக்குக் கண்ணு இல்லியா?" என்று நான் கொதித்தேன்.

"அவங்க மேல தப்பு இல்லடி. ஏன்னு கேட்டுகீறாங்க. நான் தெரிஞ்சதெல்லாம் எழுதிகினு போய்கீறேன். நானே திருத்தியிருந்தாலும் இதான் போட்டிருப்பேன்" என்றார் அம்மா. சொல்லும்போதே அவர் கண்கள் கலங்கின.

அதன் பிறகு பழைய வினாத்தாள்களை எடுத்துவைத்து, 'ஏன்', 'எவ்வாறு', 'வேறுபடுத்துக' ஆகிய சொற்களுக்கு அடிக்கோடிட்டார். கேட்டதற்கான பதிலை முதல் வரியிலேயே எழுதி, காரணங்களைத் தனித்தனியாகக் கீழே எழுதிப் பழகினார். தெரியாத கேள்வியில் நின்றுவிடாமல் இடம் விட்டுத் தாண்டினார். கடைசிப் பத்து நிமிடத்தை, எழுதியதைப் படிக்க ஒதுக்கினார்.

"தெரிஞ்சத எழுதாம வுடறதுதான் கஷ்டமா கீது" என்று ஒருநாள் சிரித்தார்.

மூன்றாம் முறை தேறினார். பணியாளராக ஆறு ஆண்டுகள் மனநிறைவோடு வேலை பார்த்தார். பிறகு புற்றுநோய் வந்தது.

செங்கல்பட்டில் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த தெருவினருக்கும் எங்கள் நன்றி. அம்மாவின் மையத்தில் உதவியாளராக இருந்த ராணி அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கைக்குழந்தையோடு நான் தவித்த நாட்களில், வேலை முடிந்ததும் பேருந்து பிடித்து மருத்துவமனைக்கு வந்து என்னை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அம்மாவின் கடைசி மூச்சின்போது கையைப் பிடித்திருந்தவரும் அவர்தான். அம்மா தனியாகப் போகவில்லை என்று இன்று என்னால் எழுத முடிவது அவரால்தான்.