வாசனை போன நாக்கம்மா

அவளுக்கு நாக்கம்மா என்று பேர் வைத்தது அவள் கணவர். பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பதுதான் வேலை என்றால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்பது அவருடைய நியாயம். பத்து வருஷத்தில் அந்தப் பேர் தொழிற்சாலை வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. மேலாளர்கூட, புது ரக மாவில் சந்தேகம் வந்தால், "அந்த அம்மா என்ன போட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்.

ருசி பார்க்கும் அறையில் ஆறு தடுப்புகள். ஆளுக்கொரு நாற்காலி, முன்னால் ஒரு சின்னத் திறப்பு. பிஸ்கட்டின் நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காக உள்ளே சிவப்பு விளக்கு எரியும். எண் எழுதிய காகிதக் கிண்ணம் திறப்பு வழியாக வரும். மோந்து பார்த்து, கடித்து, ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு எண் போட்டுவிட்டு, வெந்நீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வேலைக்குப் போன காலையில், 417 என்று எழுதிய கிண்ணம் வந்தது. அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றுமே இல்லை. மறுபடி இழுத்துப் பார்த்தாள். கடித்தாள். இனிப்பு தெரிந்தது, கொஞ்சம் உப்பு தெரிந்தது. வெண்ணெயும் இல்லை, ஏலக்காயும் இல்லை, அடுப்பில் சிவந்த மாவும் இல்லை. மரத்தூளை மென்ற மாதிரி இருந்தது. ஏழு என்று போட்டாள்.

பல்லில் உடையும் சத்தத்தை வைத்தே வெந்த பதத்தைச் சொல்லிவிட அவளால் முடியும். பொதுவாக ஏழோ எட்டோதான் வரும் என்பதும் தெரியும். அன்று தப்பித்தாள். மறுநாளும் தப்பித்தாள்.

டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். "சில பேருக்குச் சில வாரத்துல திரும்பிடும். சில பேருக்கு வருஷமாகும்" என்றார். மீதிப் பேரைப் பற்றி அவள் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

அதற்குக் காரணம் இருந்தது. அவர்கள் பிழைக்க வந்திருந்த அந்நிய நாட்டில் தங்குவதற்கான அனுமதி அவள் வேலையின் பேரில்தான் இருந்தது. அவர் அவளோடு வந்து, பிறகு பஸ் ஓட்டும் வேலை தேடிக்கொண்டவர். அவள் வேலை போனால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு மாலை அவர் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக உள்ளே ஓடி, அடுப்பை அணைத்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார். தீ அவிந்து கேஸ் மட்டும் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபம்கூட வரவில்லை, அவளை எழுப்பி வெளியே கூட்டிப் போனார்.

அவள் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. தானே வைத்த குழம்பு இப்படி மணக்கும், இப்படி இருக்கும் என்று நினைவு சொல்லும். வாயில் வைத்தால் வெந்நீர். அந்த ஏமாற்றத்தைத் தாங்க முடியாமல் தட்டைத் தள்ளிவிடுவாள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் அவளைத் தன் பஸ் தடத்தின் கடைசி நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடை. ஐந்தே மேசை. நடத்துவது நடுவயது கொரியப் பெண்மணி.

"இதுவரைக்கும் தின்னதே இல்லாததைத் தின்னு பாரு. எப்படி இருக்கணும்னே தெரியாது. அப்போ ஏமாற என்ன இருக்கு?" என்றார்.

வந்தது நெங்மியோன். பனிக்கட்டி மிதக்கும் சாற்றில் கருத்த மெல்லிய நூடுல்ஸ், மேலே பாதி முட்டை. கடைக்காரம்மா கடுகு விழுதும் வினிகரும் விட்டுக் கலக்கிக் கொடுத்தார். முதல் வாயில் பல் கூசியது. இரண்டாவது வாயில் கடுகு சுருக்கென்று மூக்கின் உச்சிக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. வாசனை இல்லை, ஆனாலும் மூக்குக்குள் ஏதோ நடந்தது. கிண்ணத்தைக் காலி செய்தாள். கணவர் தன் கிண்ணத்தையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு புதுச் சாப்பாடு. தொக்பொக்கி என்று சிவந்த காரச் சாற்றில் விரல் நீள அரிசி மாவுத் துண்டுகள், பல்லோடு மல்லுக்கட்டும். சூட்டில் பொரிந்துகொண்டிருக்கும் கல் சட்டியில் பிபிம்பாப் என்று காய்கறி கலந்த சோறு. அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டினால் முறுகலாக நொறுங்கும். கக்துகி என்று புளித்த முள்ளங்கித் துண்டுகள். ஒவ்வொன்றையும் அவள் ஒரு நோட்டில் எழுதினாள்: சூடு எப்படி ஏறியது, எத்தனை கடியில் உடைந்தது, காரம் நாக்கிலா தொண்டையிலா. தொழில் புத்தி.

ஐந்தாவது ஞாயிறு சொங்குக்சாங் கேட்டாள். புளித்த சோயாபீன் கொதிக்கும் சட்டி மேசைக்கு வந்ததும் பக்கத்து மேசை ஆள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார். கணவர் கைக்குட்டையை எடுத்தார். நாக்கம்மா மட்டும் சட்டிமேல் குனிந்து ஆவியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரம்மா நின்று பார்த்தார். ஊர் பாஷை இருவருக்குமே இரவல்தான். "உனக்கு மூக்கு வேலை செய்யலையா?"

"சளி" என்றாள் நாக்கம்மா. அவர் நம்பவில்லை.

வந்தது ஒரு புதன்கிழமை. ருசி பார்ப்பவர்களில் இரண்டு பேர் லீவு. மீதி நான்கு பேர் போடும் எண்ணின் சராசரியை வைத்துத்தான் அன்றைய சரக்கு போகலாமா கூடாதா என்று முடிவாகும். 682 என்ற கிண்ணம். மொறுமொறுப்பு பிரமாதம். எட்டு என்று போட்டாள்.

இடைவேளையில் பக்கத்துத் தடுப்பில் உட்காரும் அக்கா டீயோடு வந்தார். தமிழ்க்காரர், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கூடப் பிறந்தவர் மாதிரி.

"ஏம்மா, அந்தக் கடைசிக் கிண்ணத்துக்கு நீ என்ன போட்ட?"

"எட்டு."

அக்காவின் முகம் மாறியது. "எட்டா? எனக்குச் சிக்கு வாடை அடிச்சுதே. பழைய எண்ணெய் மாதிரி. மூணு போட்டேன்."

நாக்கம்மா மேசை விளிம்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நீயே எட்டு போட்டிருந்தா எனக்குத்தான் கோளாறு. ராத்திரி சரியாத் தூங்கல" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "லாரி ரெண்டு மணிக்குக் கிளம்புதாம். போய் மாத்திச் சொல்லிட்டு வந்துடறேன்."

டீயை வைத்துவிட்டு அக்கா நடந்தார். மேலாளர் அறைக்கு நீளமான நடைகூடம், முப்பதடி இருக்கும். நாக்கம்மா உட்கார்ந்தபடியே பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பொய் எண் போட்டது அவள். அதை நம்பி ஒரு நல்ல நாக்கு தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு போகிறது. அக்காவின் கை கதவுப் பிடியில் பட்டபோது எழுந்து ஓடினாள்.

"அக்கா, மாத்தாதீங்க."

"ஏன்?"

"உங்க மூக்குதான் சரி. எனக்கு வாசனையே தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம் ஒண்ணுமே தெரியல."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஒண்ணரை மாசமாவா?"

"ஆமா."

அக்கா கதவைத் திறந்து, அவளை முன்னால் போகவிட்டார்.

மேலாளர் கேட்டு முடித்ததும் முதலில் லாரியை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தார். அப்புறம்தான் அவளைப் பார்த்தார். "நீங்க போட்ட எண் எத்தனை இருக்கும்?"

"தினமும் பன்னிரண்டு கிண்ணம்."

அடுத்த வாரம் முழுக்க, அவள் மார்க் போட்ட ஒவ்வொரு நாளின் சரக்கிலிருந்தும் எடுத்து வைத்திருந்த மாதிரிகளை மற்றவர்கள் திரும்ப ருசி பார்த்தார்கள். அவள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, எந்த வினாடி கூப்பிடுவார்களோ என்று காத்திருந்தாள். புதன்கிழமைச் சரக்கில் எண்ணெய் கெட்டது உறுதியாயிற்று. அதற்கு முந்தியதில் ஒரே ஒரு நாள் சரக்கில் ஏலக்காய் குறைவு; உடம்புக்குக் கேடில்லை. வேலையிலிருந்து நீக்கவில்லை. பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். தங்கும் அனுமதி தப்பியது.

அக்கா மட்டும் தப்பவிடவில்லை. "பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு என்கிட்டகூட மறைச்சிட்டல்ல" என்று ஒருநாள் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. சாப்பாட்டு அறையில் வேறு மேசைக்குப் போய்விடுவார். வேலை மாறியதைவிட அதுதான் நாக்கம்மாவை அரித்தது.

ஞாயிறு மட்டும் மாறவில்லை. கடைக்காரம்மாவிடம் உண்மையைச் சொன்னபோது, "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் அவர். அதன்பிறகு சமையல்கட்டிலிருந்து எதையாவது கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டுவார். அவள் தலையை ஆட்டுவாள். அவர் திரும்பிப் போவார்.

நான்காவது மாதம், சுட்ட இறைச்சியோடு சுற்றித் தின்ன ஒரு தட்டு இலை வந்தது. ஓரம் ரம்பம் மாதிரி, அடிப்பக்கம் லேசான ஊதா. கென்னிப் என்று பேராம். ஒன்றை எடுத்து மடித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"என்னங்க, இங்க ஏதாவது கருகுதா?"

"இல்லையே."

"ஏதோ வருது. என்னன்னு சொல்லத் தெரியல."

இலையைக் கசக்கி மூக்கில் வைத்தாள். புதினாவா, சோம்பா, ஈர மண்ணா? எதுவும் இல்லை. வாழ்க்கையில் இதுவரை மோந்தே இராத ஒன்று. நம்பப் பயமாக இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒரு கையில இலைய வைங்க, எந்தக் கைன்னு சொல்றேன்" என்றாள். கணவர் மூன்று தடவை மாற்றி மாற்றி நீட்டினார். மூன்று தடவையும் சரியாகச் சொன்னாள். அவர் எதிரே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைக்காரம்மா உள்ளே போய் இன்னொரு தட்டு இலை கொண்டுவந்து வைத்தார்.

ஆனால் வாசனை நேராகத் திரும்பவில்லை. காபி பல மாதம் ரப்பர் கருகல் போல் அடித்தது. வெங்காயம் வதக்கினால் குமட்டியது. ஒவ்வொன்றாக, கோணல்மாணலாக, இடம் தேடி வந்து உட்கார்ந்தன. மறு வருஷம், ருசி பார்ப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் மூக்குப் பரிசோதனைக்கு அவளே பேர் கொடுத்தாள். இருபது வாசனைக் குப்பிகளில் பதினாறைச் சரியாகச் சொன்னாள். தேற வேண்டியது பதினைந்து.

முடிவு வந்த அன்று அக்கா அவள் மேசைக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அந்தக் கொரியக் கடை எங்க இருக்கு? வர்ற ஞாயிறு என்னையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

தடுப்புக்குத் திரும்பும் முன் நாக்கம்மா மேலாளரிடம் ஒன்று கேட்டாள். மார்க் போடும் தாளில், ஒன்று என்ற எண்ணுக்கும் முன்னால், 'இன்று எனக்குச் சரியில்லை' என்று ஒரு கட்டம் வேண்டும். அதை நிரப்பினால் யாரும் காரணம் கேட்கக் கூடாது. மேலாளர் யோசித்துவிட்டுச் சரி என்றார். முதல் மாதத்திலேயே அந்தக் கட்டத்தில் மூன்று பேர் குறியிட்டிருந்தார்கள்.